செம்பும் மாலையும் சேலையும்: பழைய வங்கப் படங்களில் சிற்றூரின் கணக்கு

வங்கமொழியில் 1950 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலத்தில் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பாராட்ட முற்படுவோர் பெரும்பாலும் ‘வறுமை’, ‘யதார்த்தம்’ என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடுகிறார்கள். குறைசொல்ல முற்படுவோரும் அதே இரண்டு சொற்களைத்தான் கையில் எடுக்கிறார்கள். இந்த வழக்கில் படத்துக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பது கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. அப்படங்களில் வறுமை ஒரு கணக்காக வருகிறது: விற்பதற்கு வீட்டில் எத்தனை பாத்திரங்கள் மிஞ்சியிருக்கின்றன, கிழவியின் தோளில் கிடக்கும் புதுச் சால்வை யார் கொடுத்தது, சிறுமியின் மடியில் இருக்கும் கொய்யாப்பழம் யாருடைய தோட்டத்துக் காய், வெளியூர் போன தந்தை அனுப்புவதாகச் சொன்ன பணம் எத்தனை மாதமாக வரவில்லை என்பன போன்ற சில்லறைக் கணக்கு. இதைப் பாத்திரங்கள் வாய்விட்டுச் சொல்வது குறைவு. வீட்டில் புழங்கும் பொருள்களே சொல்லிவிடுகின்றன. அப்பொருள்களைப் பின்தொடர்ந்து பார்க்கும் ஒருவருக்கு, மெதுவாக நகர்வதாகப் பெயர்பெற்ற இந்தப் படங்களில் நிகழ்ச்சி இல்லாத நிமிடம் அநேகமாக இல்லை என்பது விளங்கும்.

இவ்வகைப் படங்களுக்குத் தலைவாயிலாக நிற்பது சத்யஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955). தமிழ்க் காதுக்குத் திரௌபதியின் பெயராக ஒலிக்கும் ‘பாஞ்சாலி’, வங்கத்தில் தெய்வக் கதைகளையும் பிற கதைகளையும் நீட்டிப் பாடும் நாட்டார் கதைப்பாடல் வகை ஒன்றின் பெயர். ‘பதேர்’ என்றால் வழியின், பாதையின் என்று பொருள். ஆகவே தலைப்பை ‘வழிநடைக் கதைப்பாட்டு’ என்று ஏறக்குறையச் சொல்லலாம். பிபூதிபூஷண் பந்தோபாத்யாய் எழுதிய மூல நாவல் 1928இல் இதழில் தொடராக வந்து, 1929இல் நூலானது. 1921இல் பிறந்த ரே, கல்கத்தாவில் ஓர் ஆங்கிலேய விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றிய நாட்களில், இந்த நாவலின் சிறுவர் சுருக்கப் பதிப்புக்குப் படம் வரைந்து கொடுக்க நேர்ந்தது. வங்கச் சிறுவர்கள் மாங்கொட்டையைத் தேய்த்துச் செய்யும் ஊதலின் பெயரையே அந்தச் சுருக்கப் பதிப்பு தலைப்பாகக் கொண்டிருந்தது. ஒரு சொற்ப விளையாட்டுப் பொருளின் பெயரில் நாவல் அவர் கைக்கு வந்தது தற்செயல்தான் என்றாலும், பின்னாளில் அவர் எடுத்த படத்தைப் பார்ப்பவருக்கு அந்தத் தற்செயல் பொருத்தமானதாகவே தோன்றும்.

1947இல் நண்பர்களோடு கல்கத்தாத் திரைப்படச் சங்கத்தை நிறுவியது, பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்துக்காக 1949இல் வங்கம் வந்தபோது இடம்பார்க்க உடன் சென்றது, 1950இல் அலுவலகப் பணியாக லண்டன் போய்ச் சில மாதங்களில் நூறு படங்கள் அளவுக்குப் பார்த்துத் தள்ளியது, அவற்றுள் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ என்ற இத்தாலியப் படம் தொழில்முறை நடிகர் இல்லாமலும் அரங்கம் இல்லாமலும் படமெடுக்க முடியும் என்ற துணிவைத் தந்தது ஆகியவை பலரும் எழுதிவிட்ட செய்திகள். அதிகம் பேசப்படாதது, ஆயத்தத்தின் எளிமை. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ராவுக்கு அப்போது வயது 21. அவர் அதற்கு முன் திரைப்படக் கருவியை இயக்கியதே இல்லை. கொட்டும் மழையிலும் மரநிழலின் மங்கிய வெளிச்சத்திலும் படம் பதியுமா என்ற ஐயத்தைத் தீர்க்க, அவரும் ரேயும் ஒரு பழைய 16 மில்லிமீட்டர் கருவியைக் கொண்டுபோய்ச் சோதித்துப் பார்த்த பிறகே வேலையில் இறங்கினார்கள்.

படப்பிடிப்பு 1952 அக்டோபர் 27 அன்று, பால்சிட் என்ற ஊருக்கு அருகே, ‘காஷ்’ பூத்த வெளியில் தொடங்கியது. காஷ் என்பது நாணல் இனத்தைச் சேர்ந்த புல். மழைக்காலம் முடிந்து துர்கா பூசை நெருங்கும்போது ஆளுயரத்துக்கு வெண்பூ விரித்து நிற்பதால், வங்காளிகளுக்கு அது இலையுதிர் காலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அக்காவும் தம்பியும் அந்தப் பூவெளிக்கு அப்பால் முதன்முதலாக ரயிலைக் காணும் காட்சியின் ஒரு பகுதியை அன்று எடுத்துவிட்டு, மீதியை அடுத்த வாரத்துக்கு வைத்தார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் மாடுகள் பூவை மேய்ந்து தீர்த்திருந்தன. மீதியை எடுக்க அடுத்த ஆண்டுப் பூ வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காவைத் தேடித் தயங்கித் தயங்கி நடக்க வேண்டிய சிறுவன் சுபீர் பானர்ஜிக்கு அந்த நடை வரவில்லை என்பதால், அவன் பாதையில் சிறு குச்சிகளைப் போட்டுத் தாண்டச் சொல்லியும், பூவுக்குள் ஒளிந்திருந்தவர்கள் வெவ்வேறு பக்கங்களிலிருந்து அவன் பெயரைக் கூப்பிட்டும் அதை ரே வரவழைத்தார். பள்ளிச் சிறுவனுக்கு உணர்ச்சியை விளக்கிக்கொண்டிருப்பதைவிட அவன் காலடியில் ஒரு குச்சியைப் போடுவது பயன் தரும் என்பதை இயக்குநர் முதல் நாளிலேயே கற்றுக்கொண்டது, இந்தப் படத்தின் முறையை அறிய விரும்புவோருக்கு ஒரு நல்ல சான்று.

பணமுடை படத்தை ஏறக்குறைய மூன்றாண்டு இழுத்தது. ரே தம் காப்பீட்டுப் பத்திரத்தின் பேரில் கடன் வாங்கினார், இசைத்தட்டுகளை விற்றார், மனைவி பிஜயாவின் நகைகளும் அடகுக்குப் போயின. முடிவில் முதலமைச்சர் பிதான் சந்திர ராய் காலத்து மேற்கு வங்க அரசு பொறுப்பேற்று, செலவைச் சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டது. தலைப்பில் ‘வழி’ இருந்ததால் அதிகாரிகளுக்கு இது எளிதாகிவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். மொத்தச் செலவு ஒன்றரை லட்சம் ரூபாயைச் சுற்றி நின்றது. இந்த இழுபறியில் நடிகர்களும் கைநழுவினார்கள்: மிட்டாய்க்காரராக நடித்தவர் இடையிலேயே இறந்துவிட, அவருடைய உடல்வாகு உடைய வேறொருவரை முதுகு மட்டும் தெரியும்படி நடக்கவிட்டுக் காட்சியை முடித்தார்கள். மிட்டாய்க்காரர் முன்னே செல்ல, வாங்கக் காசில்லாத அக்கா துர்காவும் தம்பி அபுவும் பின்தொடர, அவர்களுக்குப் பின்னால் ஒரு நாயும் ஓட, அந்த ஊர்வலம் முழுவதும் குளத்து நீரில் தலைகீழாகத் தெரியும் அந்தக் காட்சியை ரசிக்கும் எவருக்கும் இந்த ஒட்டுவேலை புலப்படுவதில்லை. நாய் பின்னால் வந்ததும் நடிப்பால் அன்று. துர்காவாக நடித்த உமா தாஸ்குப்தா முதுகுக்குப் பின்னால் கையில் ஒரு சந்தேஷ் இனிப்பை மறைத்துப் பிடித்திருந்தார்.

இனிப் பொருள்களுக்கு வரலாம். கதை எளியது. ஹரிஹர் என்ற ஏழைப் புரோகிதர், மனைவி சர்பஜயா, மகள் துர்கா, மகன் அபு, ஒண்டிக்கொண்டிருக்கும் தூரத்து உறவுக் கிழவி இந்திர் தாக்ருண் ஆகியோர் இடிந்துகொண்டிருக்கும் மூதாதையர் வீட்டில் வாழ்கிறார்கள். அவர்களுடையதாக இருந்த பழத்தோட்டம் கடனுக்காகப் பக்கத்து வீட்டாரின் கைக்குப் போய்விட்டது. படத்தின் தொடக்கத்தில் அத்தோட்டத்திலிருந்து பழம் பொறுக்கிக்கொண்டு ஓடிவரும் துர்கா அதைக் கிழவியின் பாத்திரத்தில் ஒளித்துவைக்கிறாள். நேற்றுவரை தன் வீட்டு மரமாக இருந்தது, இன்று அதே மரத்தின் கனியை எடுத்தால் திருட்டு. இந்தச் சட்டம் குழந்தைக்கு விளங்கவில்லை, தாய்க்கு விளங்குகிறது, ஆகவே தாய் மகளைக் கடிந்துகொள்கிறாள். சொத்துரிமையைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதியும் விளங்க வைப்பது கடினமான ஒன்றை ஒரு கொய்யா இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடுகிறது.

சர்பஜயா கிழவியிடம் நடந்துகொள்ளும் விதம், படம் பார்த்த பலருக்கு அவள்மீது கோபத்தை வரவழைக்கிறது. கணக்கைப் பார்த்தவர்களுக்கு அவ்வளவு எளிதில் கோபம் வராது. அடுப்படியில் எண்ணெயும் மிளகாயும் குறைவதை அவளல்லவா எண்ணிக்கொண்டிருக்கிறாள். கணவன் எழுதப்போகும் நாடகங்களைப் பற்றிக் கனவு காண்கிறான், நிலுவைச் சம்பளத்தைக் கேட்கவும் கூசுகிறான். கிழவி அயலாரிடம் ஒரு சால்வையை வாங்கிப் போர்த்திக்கொண்டு வரும்போது சர்பஜயா கொதிப்பது, அந்தச் சால்வை தன் வீட்டின் இல்லாமையை ஊருக்கே விளம்பரப்படுத்துகிறது என்பதால்தான். கரிய இமைகளை உயர்த்தாமல், கறி நறுக்கியபடியே, கிழவியைப் பார்க்காமல் பேசும், சர்பஜயாவாக நடித்த கருணா பானர்ஜியின் நடிப்பில் அவமானமும் கொடுமையும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன.

அதன்பின் வருவது இந்தியத் திரைப்படத்தின் மிகச் சிறந்த சில நிமிடங்களுள் ஒன்று என்று துணிந்து சொல்லலாம். உடல் தளர்ந்து, தங்கிக்கொள்ளலாமா என்று கேட்டு வந்த கிழவியைச் சர்பஜயா ஏற்க மறுக்கிறாள். கிழவி குடிக்கத் தண்ணீர் கேட்கிறாள். பானை இருக்கிறது, எடுத்துக்கொள் என்ற தோரணையில் விடை வருகிறது. தன் செம்பில் மொண்டு குடித்த கிழவி, மிச்சத் தண்ணீரை வீணாக்காமல் முற்றத்தில் தான் வளர்க்கும் சிறு செடிக்கு ஊற்றிவிட்டு வெளியேறுகிறாள். சாகப்போகிறவள் செடிக்கு நீர் விடுவதை இயக்குநர் அழுத்திக் காட்டவில்லை, இசை கூட்டவில்லை. காலமெல்லாம் மிச்சத்தில் வாழ்ந்தவளுக்கு மிச்சத்தைக் கொட்ட மனம் வராது என்ற அளவிலேயே அது நிற்கிறது. பிறகு மூங்கில் தோப்பில் குந்தியிருக்கும் அவளை விளையாட்டாக உலுக்கும் துர்காவின் கையில் அவள் சரிய, அவளுடைய செம்பு சரிவில் உருண்டு நீரில் போய் விழுகிறது. நாவலில் இந்திர் இறப்பது இப்படி அன்று. அங்கே அவள் முன்னதாகவே இறந்துவிடுகிறாள். குழந்தைகள் சாவை முதன்முதலாகத் தொட்டுப் பார்க்கும் இக்காட்சி திரைக்கதையில் உண்டாக்கப்பட்டது.

இந்திராக நடித்த சுனிபாலா தேவி ஒரு காலத்தில் மேடையில் நடித்துப் பின்னர் மறக்கப்பட்டவர். எண்பது வயதை எட்டியிருந்த அவரை ரே தேடிக் கண்டுபிடித்தார். ஊதியம் நாளொன்றுக்கு 20 ரூபாய். பல்லிழந்த வாயால் சோற்றைக் குழைத்து உண்பதும், கந்தலைத் தைப்பதும், திண்ணையில் அமர்ந்து அந்திவேளையில் அக்கரை சேர்க்கும்படி இறைவனை வேண்டும் பழம்பாட்டைப் பாடுவதும் அவர் செய்தபோது நடிப்பு என்று தோன்றாததற்குக் காரணம், அவர் அறியாமல் செய்ததல்ல. மிகத் தேர்ந்த நடிகை ஒருத்தி தன் உடலின் முதுமையை ஒரு கருவியாக எடுத்துக்கொண்டதுதான். படம் திரைக்கு வருமுன் 1955இலேயே அவர் காலமானார். அதற்கு முன் ரே அவர் வீட்டுக்கே படத்தைக் கொண்டுபோய்த் திரையிட்டுக் காட்டிவிட்டார்.

துர்காவின் கதையைச் சொல்வது ஒரு மணிமாலை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மாலையைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, இல்லை என்று மறுத்து, தாயிடம் அடி வாங்கி, மழையில் நனைந்து காய்ச்சலில் அவள் இறந்துபோகிறாள். குடும்பம் காசிக்குப் புறப்படும் வேளையில், வீட்டைக் காலி செய்யும் அபுவின் கையில் அடுக்கிலிருந்து ஒரு கொட்டாங்கச்சி அகப்படுகிறது. அதற்குள் சிலந்தியும், அந்த மாலையும். அக்கா பொய் சொன்னாள் என்பதை உலகில் அறிந்த ஒரே ஆள் இப்போது அவன். யாரிடமும் சொல்லாமல் ஓடிப்போய்க் குளத்தில் வீசுகிறான். பாசி விலகி, மாலையை விழுங்கி, மெல்ல மூடிக்கொள்கிறது. அதுவரை பிறர் செய்வதைக் கண் விரித்துப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த சிறுவன் தானாக எடுக்கும் முதல் முடிவு இது. அவன் வளர்ந்துவிட்டான் என்பதைச் சொல்ல வேறெதுவும் தேவைப்படவில்லை.

சேலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பல மாதம் கழித்து ஊர் திரும்பும் ஹரிஹர், மகள் இறந்தது தெரியாமல், வாங்கி வந்தவற்றை ஒவ்வொன்றாக மனைவிக்கு எடுத்துக் காட்டுகிறார்: சப்பாத்திப் பலகையும் உருட்டுக்கட்டையும், லட்சுமி படம், பிறகு துர்காவுக்கென்று ஒரு சேலை. அதுவரை கல்லாக இருந்த சர்பஜயா சேலையை வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டு உடைகிறாள். அவள் அலறல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் ‘தார் ஷெனாய்’ என்ற வில்வாத்தியத்தின் உச்சத் தொனி ஒலிக்கிறது. தார் ஷெனாய் நரம்பிசைக் கருவியே. ஒலியைப் பெருக்கும் அமைப்பு ஒன்றைப் பொருத்தியிருப்பதால் ஷெனாயைப் போன்ற, மனிதக் குரலுக்கும் மிக அண்மையான நாதம் அதிலிருந்து வரும். படத்துக்கு இசையமைத்த ரவிசங்கருக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. ஏறத்தாழ முழு இசையும் பதினோரு மணி நேரம் நீண்ட ஒரே அமர்வில் பதிவானது. அவசரத்தில் செய்தது அவசரமாகத் தெரியாததற்கு, எங்கே இசை வேண்டாம் என்று முடிவு செய்யப்பட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கறுப்பு வெள்ளை என்பது இவர்கள் கலைக்காகத் தேர்ந்துகொண்ட வண்ணம் அன்று; அன்றைய நிலையில் வேறு வழியில்லை. ஆனால் கிடைத்ததைக் கொண்டு அவர்கள் செய்தது வேறு. வங்கத்தின் ஈரக்காற்று வெளிச்சத்தைச் சிதறடிப்பது. மேகம் மூடிய பகலில் நிழலுக்குக் கூர்விளிம்பு இருப்பதில்லை. மித்ராவின் ஒளிப்பதிவில் முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் அரிது, இடைப்பட்ட சாம்பல் நிறங்களே ஆட்சி செய்கின்றன. அடுத்த படமான ‘அபராஜிதோ’வில் (1956) காசி வீட்டின் உள்முற்றத்தை அரங்கத்தில் அமைக்க வேண்டி வந்தபோது, மேலிருந்து இறங்கும் வானொளியின் மென்மையை எப்படிக் கொண்டுவருவது என்ற சிக்கல் எழுந்தது. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவின் முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளை நடிகர்மீது நேராகப் பாய்ச்சாமல் துணியில் பட்டுத் திரும்பச் செய்தார் மித்ரா. விளக்கொளியைப் பரப்பொன்றில் மோதவிட்டு மென்மையாக்கும் இந்த முறை பின்னர் உலகெங்கும் வழக்கமாயிற்று. ஒரு கெஜத் துணி செய்த வேலை அது. ‘அபராஜிதோ’ 1957இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்றது. ‘பதேர் பாஞ்சாலி’ அதற்கு முந்தைய ஆண்டு கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற பரிசு பெற்றிருந்தது. பரிசுகளைப் பற்றி இவ்வளவு போதும்.

பொருள்களின் வழியே கதை சொல்லும் இம்முறை எவ்வளவு சுருங்கக்கூடும் என்பதற்கு, தாகூர் நூற்றாண்டை ஒட்டி ரே எடுத்த ‘தீன் கன்யா’வின் (1961) முதல் கதையான ‘போஸ்ட் மாஸ்டர்’ எடுத்துக்காட்டு. கல்கத்தாவிலிருந்து ஒரு குக்கிராமத்துக்கு மாற்றலாகி வந்த இளம் அஞ்சலக அதிகாரி, தனக்கு வேலை செய்யும் ரத்தன் என்ற அநாதைச் சிறுமிக்குப் பொழுதுபோகாமல் எழுத்துக் கற்றுக்கொடுக்கிறார். மலேரியாவில் விழுந்தபோது அவள் தூங்காமல் பார்த்துக்கொள்கிறாள். ஊர் பிடிக்காமல் அவர் வேலையை விட்டுப் புறப்படுகிறார். தாகூரின் சிறுகதையில் ரத்தன் அவர் காலில் விழுந்து, தனக்கு எதுவும் தர வேண்டாம் என்று சொல்லி ஓடிவிடுகிறாள். படத்தில் அவள் பேசவே இல்லை. வழியில் நிற்கும் அவர் கையில் காசு இருக்கிறது. தண்ணீர் வாளியைச் சுமந்துவரும் அவள் அவரைக் கடந்து போகிறாள். புதிய அதிகாரிக்குத் தண்ணீர் கொண்டுவந்திருப்பதாக அவள் சொல்லும் குரல் மட்டும் பின்னாலிருந்து கேட்கிறது. நீட்டுவதற்கு வழியற்றுப்போன அந்தக் காசைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொள்வதைக் காட்டிலும் கடினமான காரியம் அந்த மனிதர் வாழ்நாளில் வேறொன்று செய்திருக்க மாட்டார்.

ரேயை மட்டும் சொல்லி முடித்துவிடும் பழக்கம் தமிழ் எழுத்திலும் உண்டு. அது நியாயம் அன்று. ரேக்கு முன்பே, இந்திய மக்கள் நாடக மன்றத்தைச் சேர்ந்த கலைஞர்கள் வேறொரு பாதையில் சிற்றூரை நோக்கி வந்திருந்தார்கள். 1943இல் உருவான இந்த இடதுசாரி மன்றம், அதே ஆண்டில் வங்கத்தைத் தாக்கி லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன பஞ்சத்தை மேடையேற்றியது. மன்றத்தின் தாக்கம் பெற்ற நிமாய் கோஷ் எடுத்த ‘சின்னமூல்’ (1950), பிரிவினையால் கிழக்கு வங்கச் சிற்றூரை விட்டுக் கல்கத்தாவின் சியால்தா ரயில் நிலையத்தில் வந்து விழும் விவசாயிகளின் கதை. நிலையத்தில் உண்மையாகவே தங்கியிருந்த அகதிகளின் முகங்களும் அதில் உள்ளன. தலைப்புக்கு ‘வேரறுந்தவர்’ என்று பொருள். இதே நிமாய் கோஷ் பின்னர் சென்னைக்குக் குடிபெயர்ந்து, தமிழில் ‘பாதை தெரியுது பார்’ (1960) என்ற படத்தை இயக்கினார், எம்.பி. சீனிவாசன் இசையமைத்த அந்தப் படத்தின் பாடல்களை நினைவில் வைத்திருக்கும் தமிழர்கள்கூட, அதை இயக்கியவர் வங்க யதார்த்தத் திரைப்படத்தின் முன்னோடிகளுள் ஒருவர் என்பதை அறிந்திருப்பது அரிது.

‘சின்னமூல்’ படத்தில் நடித்தவர்களுள் ஒருவர் ரித்விக் கட்டக். டாக்காவில் பிறந்து, பிரிவினையால் ஊரை இழந்த அவர், ரேயின் அடக்கத்துக்கு நேர்மாறான இயல்பினர்: இசை எகிறும், ஒலிகள் மிகைப்படும், கதை குலுங்கிக் குலுங்கி ஓடும். ஆயினும் பொருள்மீது வைத்த நம்பிக்கையில் அவர் ரேயையும் விஞ்சியவர். சுபோத் கோஷின் சிறுகதையை வைத்து எடுத்த ‘அஜாந்திரிக்’ (1958) படத்தில், சோட்டா நாகபுரிச் சாலைகளில் வாடகைக்கு ஓடும் ஜகத்தல் என்ற ஓட்டைக் காரே ஏறக்குறையக் கதாநாயகன். அதை ஓட்டும் பிமல் அதனோடு பேசுகிறான், ஊடுகிறான், அதற்காக ஊராரின் கேலியைச் சுமக்கிறான். முடிவில் கார் பழைய இரும்புக்குப் போன பின், அதன் ஊதுகுழல் ஒலியைக் கேட்டு அவன் திரும்பிப் பார்க்கிறான். ஒரு குழந்தை அதை அழுத்தி விளையாடிக்கொண்டிருக்கிறது. அவன் முகத்தில் சிரிப்பு வருகிறது.

கட்டக்கின் ‘திதாஷ் ஏக்டி நதிர் நாம்’ (1973) இந்த வரிசையில் தனித்து நிற்பது. ‘திதாஷ் ஒரு நதியின் பெயர்’ என்பது தலைப்பின் பொருள். விடுதலை பெற்ற வங்காளதேசத்துக்குப் போய், உடல்நலம் குன்றிய நிலையில் அவர் எடுத்த இந்தப் படத்தின் மூலநாவலை எழுதியவர் அத்வைத மல்லபர்மன். திதாஷ் கரையில், மாலோ என்னும் மீனவச் சாதியில் பிறந்து, படித்துக் கல்கத்தா சென்று பத்திரிகையாளராகி, 1951இல் இளவயதிலேயே இறந்தவர். நாவல் நூலாக வந்ததை அவர் பார்க்கவில்லை. மற்ற படங்களில் சிற்றூரை அதன் விளிம்பில் நின்று பார்க்கும் படித்தவர் ஒருவர் எப்போதும் இருக்கிறார். இங்கே அந்த இடைத்தரகர் இல்லை. கடத்தப்பட்டு, ஆற்றில் விழுந்து, கணவன் முகத்தையே சரியாக அறியாத மணப்பெண். அவளை இழந்து பித்தான கிஷோர். சிறுவயது முதல் காத்திருந்தே விதவையான பசந்தி. இவர்கள் எல்லோருக்கும் மேலாக, தன் போக்கில் வற்றிக்கொண்டிருக்கும் ஆறு. மீனவரின் படகும் வலையும் ஆறு இருக்கும்வரைதான் சொத்து. நீர் விலகி மணல் மேடிட்டதும் அதே இடம் நிலமாகிறது, நிலம் வேறு ஆட்களின் சொத்தாகிறது. இறுதியில் தாகத்தோடு மணலைத் தோண்டி ஊறும் நீருக்குக் காத்திருக்கும் பசந்தியின் கண்ணில், நெல்வயல் நடுவே ஊதல் ஊதியபடி ஓடிவரும் ஒரு சிறுவன் தெரிகிறான். கட்டக்கின் படங்களில் இசைவு கெட்டு நிற்கும் இடங்கள் பல உண்டு. இப்படத்திலும் முதல் பாதியில் கதை அறுபட்டு அறுபட்டு ஓடுகிறது. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்துக்காக அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மிருணாள் சென்னின் ‘பைஷே ஷ்ராவண்’ (1960) இவற்றுள் மிகக் குறைவாகப் பார்க்கப்பட்டது. ரயிலில் பெண்களுக்கான அலங்காரப் பொருள்களைக் கூவி விற்கும் நடுவயது மனிதனுக்கும் அவனுடைய இளம் மனைவிக்கும் இடையே தளிர்த்த அன்பு, பஞ்சம் வந்ததும் ஒவ்வொரு பிடி அரிசியாகத் தேய்ந்து அருவருப்பாக மாறுவதே கதை. தலைப்பு, தாகூர் மறைந்த வங்க நாட்காட்டித் தேதியைக் குறிப்பது; தேசமே புனிதமாகக் கொண்ட ஒரு நாள், ஒரு தம்பதிக்கு அவர்களுடைய திருமண நாளாக மட்டும் இருக்கக்கூடும் என்பதில் சென்னின் குறும்பு வெளிப்படுகிறது. பஞ்சத்தைப் பிணக்குவியல்களால் காட்டாமல், பசித்த மனிதன் எவ்வளவு அற்பனாகிவிடுவான் என்பதை ஒரு சோற்றுத் தட்டின் முன்னிலையில் காட்டியது ரேயும் துணியாத கடுமை. ரே அதே பஞ்சத்தைப் பின்னர் ‘அஷானி சங்கேத்’தில் (1973) வண்ணத்தில் எடுத்தார், பசேலென்ற வயல்களுக்கு நடுவே மனிதர் பட்டினியால் மடிந்தது அவருடைய கருத்துக்கு வண்ணத்தையே கேட்டது.

இப்படங்கள் வறுமையை வெளிநாட்டில் விற்கின்றன என்ற குற்றச்சாட்டு நெடுநாளையது; 1980இல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்த நடிகை நர்கிஸ் ரேயின்மீது அதை வெளிப்படையாகவே வைத்தார். அது வலுவற்ற குற்றச்சாட்டு. உள்ளூர்ப் பார்வையாளர்கள் 1955 ஆகஸ்டில் ‘பதேர் பாஞ்சாலி’ கல்கத்தாவில் வெளியான சில நாட்களிலேயே அரங்கை நிறைத்துவிட்டார்கள். வலுவான குறை வேறொன்று. ஹரிஹர் எவ்வளவு ஏழையாயினும் பிராமணர், எழுத்தறிந்தவர், காசிக்குப் புறப்பட்டுப் போக ஒரு தொழில் கைவசம் உள்ளவர். வங்கச் சிற்றூர் மக்களுள் பெரும்பங்கினரான முஸ்லிம் உழவரும், நிலமற்ற கூலிகளும், ‘பத்ரலோக்’ எனப்படும் படித்த மேல்சாதியாரின் வீட்டு முற்றத்துக்கு அப்பால்தான் இந்தப் படங்களில் பெரும்பாலும் நிற்கிறார்கள். ‘எளிய மக்களின் வாழ்க்கை’ என்று இவற்றைப் பொதுப்படப் புகழும்போது இந்த எல்லை மறைந்துபோகிறது. ‘திதாஷ்’ ஒன்றே அதைக் கணிசமாகத் தாண்டியது.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய மாநில மொழிப் படங்கள் வழியாகவே தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை இவற்றை முதலில் பார்த்தது. கீறல் விழுந்து, சாம்பல் நிறங்கள் எல்லாம் ஒரே அழுக்கு வெளுப்பாகத் திரிந்துபோன பிரதிகள் அவை. கலைப்படம் என்றால் இருட்டு, சோர்வு என்ற எண்ணம் வேரூன்றியதில் அந்தப் பிரதிகளுக்கும் பங்குண்டு. ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’ ஆகியவற்றை உள்ளடக்கிய அபு முப்படங்களின் மூல நெகட்டிவ் சுருள்கள் 1993இல் லண்டனில் ஓர் ஆய்வகத் தீயில் கருகின. எரிந்து சுருண்டவற்றையும் தூக்கி எறியாமல் அமெரிக்கத் திரைப்பட அகாதெமியின் காப்பகம் பாதுகாத்து வைத்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியின் பொலோன்யா நகரத் தொழில்நுட்பர்கள் அவற்றுக்கு ஈரம் ஏற்றி, ஓரத் துளைகளைக் கையால் ஒட்டிச் சீராக்கினார்கள். ‘பதேர் பாஞ்சாலி’யில் 40 சதவீத அளவுக்கு அந்தக் கருகிய சுருளிலிருந்தே மீட்க முடிந்தது, மீதி வேறு பிரதிகளிலிருந்து சேர்க்கப்பட்டது. 2015இல் வெளிவந்த அந்தப் புதிய வடிவில், தொலைக்காட்சிப் பிரதியில் வெறும் வெளிறிய படலமாகக் கிடந்த குளத்துப் பாசி, மாலை விழுந்த இடத்தைச் சுற்றி இலை இலையாக நகர்ந்து வந்து கூடுவது தெரிகிறது.